சிறிய வீட்டுக்குத் தளபாடம்: முதலில் அளவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொழும்பில் தொடர்மாடி வீடுகள் பெருகப் பெருக, சிறிய வீட்டை அழகாகவும் வசதியாகவும் அமைத்துக்கொள்வது எப்படி என்ற ஆலோசனைகளும் பத்திரிகைகளின் வாரஇறுதி அனுபந்தங்களில் பெருகி வருகின்றன. வெள்ளைச் சுவர், மெல்லிய கால்களுடைய சோபா, சுவரோடு மடிந்துகொள்ளும் கட்டில் என்று அவற்றில் வரும் படங்கள் பெரும்பாலும் பிறநாட்டு வீடுகளினுடையவை. பார்ப்பதற்கு அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் அரிசி மூட்டை இல்லை, எரிவாயு சிலிண்டர் இல்லை, சுவாமித் தட்டு இல்லை, கனடாவிலிருந்து வந்துபோன உறவினர் விட்டுச்சென்ற பயணப்பெட்டியும் இல்லை. அரச திணைக்களமொன்றில் படவரைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீட்டில் வசிப்பவன் என்ற முறையில், இவ்விடயம் குறித்துச் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகின்றேன். நமக்கு விற்கப்படும் தளபாடங்களின் அளவை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நமக்கு விற்கப்படும் வீடுகளில் பொருள் வைப்பதற்கென்று யாரும் இடம் விடுவதில்லை. வீடு சிறிதாக இருப்பதைவிட இவை இரண்டும்தான் நம்மை அதிகம் வருத்துகின்றன என்பது எனது கருத்து.

சிறிய வீடு என்று நான் குறிப்பிடுவது எதை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகின்றேன். நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பின் வடக்குப் பகுதியிலும் தெமட்டகொடையிலும் கட்டிய உயர்மாடிக் குடியிருப்புகளில் தொடக்கத்தில் வழங்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 400 சதுர அடி கொண்டவை. பின்னர் கட்டப்பட்டவை ஏறத்தாழ 550 சதுர அடி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் தனியார் கட்டி விற்கும் வீடுகள் இவற்றைவிடப் பெரியவைதாம். எனினும் இரண்டு படுக்கையறை என்று எழுதி விற்கப்படுபவற்றுள் இரண்டாவது அறை பத்தடிக்கு எட்டடியாக இருப்பது அபூர்வமன்று. இவற்றில் கணவன், மனைவி, பிள்ளைகளோடு பெற்றோரும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கடவுச்சீட்டு அலுவலாகவும் வைத்தியசாலைக்கும் வருகிற உறவினர்கள் தங்குவதும் இங்கேதான்; அவர்களுக்கான பாய், தலையணை, போர்வை எல்லாம் ஆண்டில் பெரும்பகுதி எங்கேயோ மடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நமது வீட்டுக்குத் தேவைப்படும் தளபாடம், இரண்டு பேர் மட்டும் வாழும் ஒரு நகரத்து வீட்டுக்குத் தேவைப்படுவதிலிருந்து வேறுபட்டது.

இனி, காட்சியறைகளில் நமக்குக் காட்டப்படுவது என்ன என்று பார்ப்போம். காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள பெரிய தளபாடக் கடைகளில் மூன்று பேர் அமரும் சோபா ஒன்றோடு தனிக் கதிரைகள் இரண்டு, ஆறு பேர் உணவருந்தும் மேசை, ஆறடிக்கு ஆறடிக் கட்டில், மூன்று கதவு அலுமாரி என்று ஒரு தொகுதியாகவே பொருட்கள் அடுக்கப்பட்டிருக்கும். காட்சியறையின் கூரை உயரம், தளம் விசாலம், ஆகவே எல்லாமே அளவாகத் தெரியும். விலைச்சீட்டில் விலை இருக்கும், தவணைமுறை இருக்கும், எந்த வங்கியின் கடனட்டைக்கு எத்தனை வீதம் கழிவு என்பதும் இருக்கும். நீளம், அகலம், உயரம் மட்டும் இருக்காது. அண்மையில் ஒரு கடையில் அலுமாரியொன்றின் ஆழம் எவ்வளவு என்று விசாரித்தபோது, “எல்லா வீட்டுக்கும் சரிவரும், அங்கிள்” என்று விற்பனையாளர் புன்னகையோடு பதிலளித்தார். அளவுநாடா கேட்டேன்; அது கடையில் இல்லை. இந்த ஒரு கடையை மட்டும் குறைசொல்வதற்காக இதை நான் எழுதவில்லை, ஏனைய கடைகளிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை.

அந்த ஆழம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டத்தோடு சேர்த்து ஆறரை அடி நீளமான கட்டிலின் தலைப்பக்கத்தை ஒரு சுவரோடு வைத்து, கால்மாட்டுச் சுவரோடு இரண்டடி ஆழமான அலுமாரியை நிறுத்தினால், இரண்டுக்கும் இடையில் எஞ்சுவது ஒன்றரை அடி. அலுமாரியின் கதவு ஒன்று ஒன்றரை அடி அகலமென்றால், அதைத் திறக்கும்போது கதவின் விளிம்பு கட்டிலைத் தொடும். திறப்பவர் நிற்பதற்கு இடமிருக்காது. கட்டிலின் மேல் ஏறி நின்றுதான் சேலையை எடுக்க வேண்டும். கதவை நகர்த்தும் கதவாக மாற்றினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் ஒரே நேரத்தில் பாதி அலுமாரியைத்தான் பார்க்க முடியும். கட்டிலுக்குக் கீழே லாச்சி பூட்டியிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியடைபவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: இரண்டடி நீளமான லாச்சியை முழுதாக இழுப்பதற்கு முன்னால் இரண்டடி வெற்றிடம் வேண்டும். அது இல்லாத அறைகளில் மேற்பலகையைத் தூக்கித் திறக்கும் கட்டிலோ, சில்லுப் பூட்டிய தட்டையான பெட்டிகளோதாம் பயன்படும்.

அலுமாரி ஏன் எப்போதும் இரண்டடி ஆழமாகவே வருகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. சட்டையைக் கொளுவி வைக்கும் கொழுவி ஒன்றின் அகலம் பதினேழு அங்குலம் அளவில் இருப்பதால், உடை கதவில் உராயாமல் தொங்குவதற்கு உட்புறத்தில் இருபத்திரண்டு அங்குலமாவது தேவைப்படுகிறது. இது நியாயமான காரணம். மற்றையது, சந்தையில் கிடைக்கும் பலகைத் தாள் எட்டடிக்கு நான்கடியாக இருப்பதால் அதை நடுவில் பிளந்தால் இரண்டடிப் பட்டிகள் இரண்டு கழிவின்றிக் கிடைத்துவிடுகின்றன என்பது. ஆனால் நமது வீடுகளில் கொழுவியில் தொங்கும் உடை எவ்வளவு? சேலை, வேட்டி, சாரம், துவாய், படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் உடுப்பு என்று பெரும்பாலானவை மடித்து வைப்பவை. அவற்றுக்குப் பதினைந்து அங்குல ஆழம் தாராளமாகப் போதும். அதே நான்கடிப் பலகையை மூன்றாகப் பிளந்தால், வாள்வாய்க்குப் போவது போக, ஏறத்தாழ பதினாறு அங்குலப் பட்டிகள் மூன்று கிடைக்கும். அங்கேயும் கழிவு இல்லை. தொங்கவிடுவதற்கு ஒரு கதவு அகலத்துக்கு மட்டும் இரண்டடி ஆழமும், மடித்து வைப்பதற்குப் பதினாறு அங்குல ஆழமும் கொண்ட அலுமாரியைச் செய்வித்தால், மேலே சொன்ன அறையில் ஒன்றரை அடியாக இருந்த நடைபாதையின் பெரும்பகுதி இரண்டடிக்கு மேலாகிவிடும். உள்ளே ஆழம் குறைந்த தட்டில் பொருளுக்குப் பின்னால் பொருள் மறைவதும் இல்லை என்பது கூடுதல் நன்மை.

சோபா விடயத்தில் எனக்குச் சற்றுக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. மூன்று பேருக்கென்று விற்கப்படும் ஏழடி நீளச் சோபாவில் இரு பக்கத்துக் கைப்பிடிகளும் எட்டெட்டு அங்குலப் பருமனில் பஞ்சு திணிக்கப்பட்டிருந்தால், ஒன்றேகால் அடிக்கு மேற்பட்ட நீளம் கையை வைப்பதற்கே போய்விடுகிறது. அதன் அடியில் துணி மூடியிருப்பதால் அங்கே எதையும் வைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. நமது பழைய வீடுகளின் விறாந்தைகளில் கிடந்த வாங்கு இதைவிட நல்ல தளபாடம். பதினெட்டு அங்குல உயரமும் பதினாறு அங்குல ஆழமும் கொண்ட வாங்கு ஒன்றை மூடி போட்ட பெட்டியாகச் செய்து, யன்னலுக்குக் கீழே சுவர் நீளத்துக்கு அமைத்து, மேலே கைத்தறித் துணி உறையிட்ட மெத்தையை இட்டால், நான்கு பேர் அமரலாம், ஒருவர் படுக்கலாம், விருந்தினருக்கான தலையணையும் போர்வையும் உள்ளே கிடக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் பெட்டகத்தின் மேல் பாய் விரித்துப் படுத்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழமழப்பான வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இதே பொருளை இப்போது புதுப்பாணி என்று படம்பிடித்துப் போடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, நம் பிள்ளைகளும் இப்போது அதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். தனிக் கதிரை வேண்டுமென்போர் கண்டி வீதியில் ரதாவடுன்னைப் பகுதியில் விற்கப்படும் பிரம்புக் கதிரைகளைப் பார்க்கலாம். அவை ஒரு கையால் தூக்கக்கூடியவை, காற்றோட்டமானவை, அறையை அடைத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றாதவை.

சுவரோடு மடியும் கட்டில் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் மர்பி என்பவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சான்பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் வாழ்ந்தவர் அவர் என்பதால் அதன் தேவை அவருக்குப் புரிந்திருந்தது. ஆயினும் நமது வீட்டில் அதைப் பூட்டுவதற்கு முன் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லாலான இடைச்சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமென்று நம்ப முடியாது. நுளம்புவலை கட்டிப் படுப்பவர்களுக்கு அது தினமும் இருமுறை வேலை வைக்கும். தும்பு மெத்தையின் பாரத்துக்கு அதன் விற்களும் அமைக்கப்பட்டவையல்ல. விருந்தினருக்கு மட்டுமென்றால் பாயைச் சுருட்டி வைப்பதே மேல்.

வாங்கும் பொருள் வீட்டுக்குள் போகுமா என்பது அடுத்த கேள்வி. எங்கள் ஒழுங்கையில் நான்காம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டிய சோபாவொன்று மின்தூக்கியிலும் புகாமல், படிக்கட்டின் திருப்பத்திலும் திரும்பாமல், கடைசியில் கயிறு கட்டிப் பல்கனி வழியாக இழுத்து ஏற்றப்பட்டதை அயலவர் எல்லோரும் கீழே நின்று பார்த்தோம். மேலே நின்றவர்கள் இழுக்க, கீழே நின்றவர் சுவரில் உராயாமல் ஒரு தடியால் தள்ளிப்பிடிக்க, மூன்றாம் மாடியின் கொடியில் காய்ந்த துணிகளையும் அது இழுத்துக்கொண்டு போனது. பல்கனிக் கம்பிக்கு மேலால் அதைத் திருப்பி எடுப்பதற்குள் ஒரு காலும் முறிந்தது. அளவைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் நடப்பது இதுதான். கழற்றிப் பூட்டக்கூடிய தளபாடத்தைச் சுவீடனின் ஐக்கியா நிறுவனம் 1950களில் தொடங்கி உலகமெங்கும் பரப்பியது. மேசையின் காலைக் கழற்றினால் அது காருக்குள் அடங்கும் என்ற எளிய எண்ணமே அதற்கு அடிப்படை. நமது தச்சர்களுக்கு இது புதிதல்ல. பழைய கட்டில்களும் அலுமாரிகளும் ஆப்பும் பூட்டுமாகக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றக்கூடியவையாகவே செய்யப்பட்டன. இன்று ஒரே உடலாக ஆணியடித்து, பசை பூசி, மெருகிட்டு விற்கப்படும் மூன்று கதவு அலுமாரியைத்தான் எங்கும் கொண்டுபோக முடியவில்லை. வாடகை வீடு மாறுபவர்களுக்கு இதன் வேதனை தெரியும்.

பலகையின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடலோரக் கொழும்பில் இதுவும் அளவைப் போலவே முக்கியமானது. விலை குறைந்த அலுமாரிகளிற் பெரும்பாலானவை மரத்தூளையும் துணுக்குகளையும் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. மேலே ஒட்டிய மெலமைன் தாள் ஈரத்தைத் தாங்கும், விளிம்பு தாங்காது. நாமோ தரையைத் தண்ணீர் விட்டுத் துடைப்பவர்கள். பலகை நேரே தரையில் நிற்கும் அலுமாரியின் கீழ்விளிம்பு அந்தத் தண்ணீரை ஒவ்வொரு முறையும் உறிஞ்சி, சில பருவமழைகளுக்குள் வீங்கி, ஒட்டிய பட்டி உரிந்து, உள்ளேயிருந்து தூள் உதிரத் தொடங்கும். பிணைச்சல் பூட்டிய திருகாணியும் அந்தத் தூளில் பிடிக்காது. ஒருமுறை கழன்ற கதவு மீண்டும் அதே துளையில் நில்லாது. ஆகவே வாங்கும்போது கதவையும் கண்ணாடியையும் பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். பின்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும். நான்கு அங்குல உயரத்தில் கால் உள்ள அலுமாரியானால் கீழே துடைக்கவும் முடியும், ஈரமும் ஏறாது. வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். பதினெட்டு மில்லிமீற்றர் தூட்பலகையில் தட்டு அமைத்துப் புத்தகம் அடுக்குபவர்கள் நெருக்கமாகத் தாங்கிகள் கொடுக்காவிட்டால் அது நடுவில் தொய்ந்துவிடும். கடலை நோக்கிய வீடுகளில் சாதாரண இரும்புப் பிணைச்சல் விரைவில் துருவேறும். துருவேறா எஃகில் கேட்டு வாங்குவது நல்லது.

நல்ல மரம் வேண்டுமென்போருக்கு தேக்கு, மஹோகனி, பலா என்பன இன்றும் கிடைக்கின்றன. அரச மரக் கூட்டுத்தாபனமும் மரத்தையும் தளபாடத்தையும் விற்கிறது. ஊரில் வளவில் நிற்கும் பலாவைத் தறித்துக் கொண்டுவந்து கட்டில் செய்விக்கலாம் என்று எண்ணுபவர்கள், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. றப்பர் மரத்தை இணைத்துச் செய்த பலகை விலையிலும் உழைப்பிலும் இடைநடுவானது. நன்கு பதப்படுத்தியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

இத்தனைக்கும் கொழும்பிலிருந்து பன்னிரண்டு மைல் தூரத்துக்குள் மொறட்டுவை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தச்சுத்தொழில் செய்துவரும் ஊர் அது. மொறட்டுமுல்லைப் பக்கத்து ஒழுங்கைகளில் பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. அங்கே போய் “நல்ல அலுமாரி ஒன்று வேண்டும்” என்று சொன்னால், காட்சியறையில் பார்த்த அதே இரண்டடி அலுமாரிதான் கிடைக்கும். ஒரு தாளில் படத்தைக் கீறி, அளவுகளை எழுதிக் கொண்டுபோனால் அதே தச்சு பாஸ் வேறு மனிதராகிவிடுகிறார். தன் காதில் செருகிய பென்சிலை எடுத்து, இந்த மூலையில் பிளக் பொயின்ற் இருக்கிறதா, யன்னல் உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, தரையோரத்து ஓட்டுப்பட்டி எத்தனை அங்குலம் என்று நாம் யோசிக்காத கேள்விகளை எல்லாம் கேட்கிறார். மொழி சற்றுத் தடுமாறினாலும் படமும் இலக்கமும் போதுமானவை. முற்பணம் கொடுக்கும் முன் அந்தப் படத்தில் இரு பக்கத்தாரும் கையொப்பமிட்டு, பலகையின் வகை, தடிப்பு, பிணைச்சலின் தரம், ஒப்படைக்கும் திகதி ஆகியவற்றை அதிலேயே எழுதிக்கொள்வது பிற்காலத்து மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

இனி வீடு கட்டுபவர்களுக்கு. தொடர்மாடி வீடுகளில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஒன்பது அடிக்குக் குறையாத உயரம் வழக்கமாக இருக்கிறது. அலுமாரியோ ஆறரை அடியோடு நின்றுவிடுகிறது. அதன் மேலே பயணப்பெட்டிகளும் பழைய மின்விசிறிப் பெட்டியும் தூசு படிந்து கிடப்பது நம் எல்லோர் வீட்டிலும் காணும் காட்சி. ஆறடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட அலுமாரியின் மேல் இரண்டரை அடி உயரம் வெறுமையாகக் கிடக்கிறதென்றால், முப்பது கன அடி இடம் கதவின்றிக் கிடக்கிறது என்று பொருள். முன்னைய வீடுகளில் பரண் இருந்தது. கட்டும்போதே வாசற்படிக்கு மேல் ஒரு சீமெந்துத் தளம் ஊற்றிவிட்டால் அதற்குப் பெரிய செலவில்லை. பின்னர் நாம் சுவரைத் துளைத்து, ரோல் பிளக் அடித்து, இறாக்கை பூட்டுவதற்குத்தான் செலவும் சண்டையும்.

வீட்டைக் கட்டுபவரே பொருள் வைக்கும் இடத்தையும் கட்டித்தர வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த புதுமையன்று. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1926 இல் மார்கரெட் ஷூட்டே லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த குசினி, ஏறத்தாழ 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர் என்ற சிறிய அறைக்குள் மாவுக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் தனித்தனி இழுப்புப் பெட்டிகளோடு வீட்டின் ஒரு பகுதியாகவே கட்டப்பட்டு, பல்லாயிரம் தொழிலாளர் வீடுகளில் அமைக்கப்பட்டது. நமது நாட்டிலேயே கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா அம்மையார், 1950களில் கண்டி வட்டப்புலுவ வீடமைப்புத் திட்டத்துக்காக, குடியேறப்போகும் குடும்பங்களிடம் அவர்களது வாழ்க்கைமுறையையும் தேவைகளையும் வினாக்கொத்து மூலம் கேட்டறிந்து வீடுகளை வரைந்தார். கேட்டிருந்தால் இன்றைய இல்லத்தரசிகளும் சொல்லியிருப்பார்கள்: ஆறடிக்கு மேலிருக்கும் குசினித் தட்டு அவர்களுக்கு எட்டாது, 12.5 கிலோ சிலிண்டருக்கு மேசைக்குக் கீழே காற்றோட்டமான இடம் வேண்டும். அரிசி வாளியைத் தூக்கி வைப்பதற்குப் பதிலாக இழுத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுவாமித் தட்டுக்குக் கழிவறைச் சுவரைத் தவிர வேறொரு சுவர் வேண்டும்.

இவ்வாறு இடம் விடப்படாததால் நேர்வது என்ன? பொருட்கள் பொது நடைபாதைக்கு வருகின்றன. செருப்பு இறாக்கை, துவிச்சக்கரவண்டி, தண்ணீர் வாளி, பாவனையில் இல்லாத மேசை என்று படிக்கட்டின் திருப்பம் வரை அவை பரவுகின்றன. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நடைபாதை பொது உடைமை. தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கவேண்டிய வழியும் அதுதான். முகாமைத்துவக் குழுக்கள் அறிவித்தல் ஒட்டுகின்றன, குடியிருப்பாளர்கள் முகம் சுழிக்கின்றனர். இரு தரப்பையும் நான் குறைசொல்ல மாட்டேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்கொரு பூட்டுப்போட்ட சிறு களஞ்சியத்தை வரைபடத்திலேயே சேர்த்திருந்தால் இந்தச் சச்சரவு எழுந்திராது.

பாதுகாப்புப் பற்றி ஒரு விடயம். உயரமான, ஆழம் குறைந்த அலுமாரிகளை நான் மேலே பரிந்துரைத்திருப்பதால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவற்றைச் சுவரோடு பிணைத்தே நிறுத்த வேண்டும். லாச்சிகளை இழுத்துப் படிபோல ஏறும் பிள்ளைகளின் மேல் அது சரிந்துவிடும். அமெரிக்காவில் இவ்வாறு சரிந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து 2016 இல் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறை அலுமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதன்பின் அங்கே இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. இங்கே விற்கப்படும் அலுமாரிகளில் சுவரில் பூட்டுவதற்கான ஒரு சிறு இரும்புத் துண்டைக்கூட நான் பெரும்பாலும் காண்பதில்லை.

அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று இளையோர் நினைக்கக்கூடும். பொன்னிறக் கைப்பிடியும் செதுக்கிய முடியும் முழுநீளக் கண்ணாடியும் பொருத்திய அலுமாரி எட்டடி அறையில் நிற்கும்போது அதன் அழகே அதற்குப் பகையாகிறது; அதே அறையில் சுவரின் நிறத்தோடு ஒத்துப்போகும், கூரை வரை உயர்ந்த, கைப்பிடியில்லாத எளிய கதவுகள் கண்ணை உறுத்துவதில்லை. வரவேற்பறையின் ஷோகேஸ் பற்றியும் சொல்லலாம், ஆனால் அதில் பிள்ளைகளின் வெற்றிக் கிண்ணங்கள் இருப்பதால் விட்டுவிடுகின்றேன். மேசையைப் பொறுத்தவரை, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் மரக்கறி வெட்டும் தாயும் ஒரே மேசையைப் பயன்படுத்தும் வீடுகளில், இரு பக்கப் பலகைகளையும் மடித்துவிடக்கூடிய மேசையே சிறந்தது. மடித்தால் ஓரடி, விரித்தால் நான்கடி.

அதிகாரிகளிடம் எனது வேண்டுகோள் சிறியது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருட்களில் எத்தகைய விபரங்கள் குறிப்பிடப்பட வேண்டும் என்று உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு உண்டு. பிஸ்கட் பொதியில் நிறை எழுதப்பட வேண்டுமென்றால், பல மடங்கு விலையுள்ள கட்டிலிலும் அலுமாரியிலும் நீளம், அகலம், உயரம், பலகையின் வகை, தடிப்பு, கழற்றிப் பூட்டக்கூடியதா இல்லையா என்ற விபரங்கள் எழுதப்பட வேண்டுமென்று கேட்பது அதிகமாகாது. அதேபோல், வீடு விற்பவர்கள் கொடுக்கும் வண்ணப் பிரசுரத்தில் சதுர அடியை மட்டும் போடாமல், ஒவ்வொரு அறையினதும் உள்ளளவையும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும், மின்தூக்கிக் கதவின் அகலத்தையும் அச்சிட வேண்டும். அந்தப் பிரசுரங்களில் வரையப்பட்டிருக்கும் கட்டில்களை அளவுகோலால் அளந்து பார்த்தால், சிலவற்றில் ஐந்தடி உயரமுள்ளவர்கூடக் காலை நீட்டிப் படுக்க முடியாது.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கின்றேன். ஞாயிறு தோறும் வெளிவரும் தளபாட விளம்பரங்களில், விலைக்குப் பக்கத்தில் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று எண்களையும் விளம்பரதாரரிடம் கேட்டு வாங்கி அச்சிடுமாறு தங்கள் விளம்பரப் பிரிவினரிடம் சொல்லிவைப்பீர்களாயின் பேருதவியாக இருக்கும். அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.